தானாகக் கூடாத எண்

அத்தியாயம் 9

"நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. இன்ஸ்பெக்டர் வந்ததும் கம்ப்ளெயின்ட்டுல கையெழுத்துப் போடுவேன். இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

சௌகத் அலி அந்தத் தாளை மேஜை மேல் வைத்து, அதன் மேல் கண்ணாடி பேப்பர் வெயிட்டை வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டே கால்.

பழனிக்குமார் தன் செல்ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தான். சிக்னலில் ஒரு கோடுகூட இல்லை. பேகம்பூரில் ஒரு காலத்தில் தோல் கோடவுனாக இருந்த கட்டடம் அது. இரண்டடி கனச் சுவர். தோல் வெளியேறிப் பதினைந்து வருடம் ஆகியும் அதன் வாடை மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருந்தது. மாடியில் ஏழெட்டுக் கம்ப்யூட்டர்களைப் போட்டு, சுற்றுவட்டாரக் கடைகள், சங்கங்கள், ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றின் வெப்சைட் பெயர்களையும் பராமரித்து வந்தார் சௌகத் அலி.

"இங்க டவர் கிடைக்காது தம்பி. எங்க ஆளுங்களுக்கு எல்லாம் வைஃபைதான்."

"அந்தப் பாஸ்வேர்டைச் சொன்னீங்கன்னா நானும் பொழைச்சுக்குவேனுங்க பாய்."

"என் மச்சான் கேட்டே கொடுக்கல. வெளியாளுக்கு வைஃபை கிடையாது. அது கொள்கை."

"டீயாவது உண்டுங்களா, இல்ல அதுக்கும் ஒரு கொள்கை இருக்குதுங்களா?"

நஜ்முன்னிசா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பழனி வாயை மூடிக்கொண்டான்.

பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் தோண்டியெடுத்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவள் நஜ்முன்னிசா; பழனி அவளுடைய உதவியாள். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். பொய்யைப் பற்றித் தெரிந்தது நிறைய. இன்று இங்கே அவளை அழைத்தது, மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வினோலியா. நஜ்முன்னிசாவின் வெப்சைட்டையும் மாதாமாதம் பார்த்துக்கொள்வது இந்தப் பெண்தான். சௌகத் அலி செல்ஃபோனைப் பிடுங்கி டிராயரில் போடும் முன் வினோலியா செய்த கடைசி அழைப்பு அவளுக்குத்தான். அழுகிற ஜாதி இல்லை. உதட்டை மட்டும் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா," என்றாள் நஜ்முன்னிசா.

"அக்கா, ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு பேர் இருக்கு. அது குடியிருக்கிற மெஷினுக்கு ஒரு நம்பர் இருக்கு. சனங்க பேரைத்தான் அடிப்பாங்க. எங்க நேம் சர்வர் அந்தப் பேருக்கு உண்டான நம்பரை எடுத்துச் சொல்லும். அம்புட்டுதான் எங்க பொழப்பு."

"அந்த நம்பரை மாத்திட்டா?"

"பேர் அதே பேர்தான். போய்ச் சேர்ற வீடு வேற."

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று பன்னிரண்டுக்கு அப்படி ஒரு நம்பர் மாறியிருந்தது. நிலக்கோட்டை மலர் விவசாயிகள் சங்கத்தின் நம்பர். வெளியூர் வியாபாரிகள் அந்த வெப்சைட்டில்தான் மல்லிகைக்கு முன்பதிவு செய்வார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர்களைப் போலி வெப்சைட் ஒன்று வரவேற்றது. அச்சு அசல் அதே படம், அதே எழுத்து. ஆர்டர் மட்டும் எவனோ ஒரு தனி வியாபாரிக்குப் போனது.

மாற்றம் இந்த அலுவலக லைனிலிருந்தே செய்யப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் சௌகத் அலியும் ஆட்களும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்தது வினோலியா ஒருத்திதான்.

"இதுக்கு மேல என்ன விசாரணை வேணும்?" என்றான் எதிர் நாற்காலிக்காரன். முகேஷ்குமார். பூச் சங்கத்தின் மேனேஜர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அவன் செல்ஃபோன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். "மூணு நாளாப் பாதி ஆர்டர் வரல. மல்லிகை மூட்டை மூட்டையாக் கெடக்கு. பூப் போட்ட சம்சாரிங்க ரோட்டுல கொட்டிட்டு என்னைத் திட்டிட்டுப் போறாங்க. ஆபீஸ்ல ஒரே ஆள், அவ கையில பாஸ்வேர்டு. என்னைய மாதிரி மவுஸ் பிடிக்கத் தெரியாதவனுக்கே புரியுது!"

"பாதிதான் வரலையா?"

"ஆமா, பாதி."

"திருடுறவன் எதுக்குப் பாதியை விட்டு வச்சான்?"

அதற்கு விடையை வினோலியா சொன்னாள்.

"எங்ககிட்ட ரெண்டு நேம் சர்வர் அக்கா. மூத்தது இங்க, இளையது மும்பையில. மாத்துறது எல்லாம் மூத்ததுலதான். இளையது அப்பப்ப வந்து ஒண்ணே ஒண்ணு கேட்கும், 'உன் தொடர் எண் கூடியிருக்கா?'ன்னு. கூடியிருந்தா புதுசை எழுதிக்கும். கூடலைன்னா பழசையே சொல்லிக்கிட்டு இருக்கும். அதனால எதை மாத்தினாலும் அந்த எண்ணை நாம கையால ஒண்ணு கூட்டணும். இதைச் செஞ்சவங்க கூட்டல. மூத்ததைக் கேட்டவங்க போலிக்குப் போனாங்க. இளையதைக் கேட்டவங்க சரியான எடத்துக்கு வந்தாங்க."

"நீ என்னைக்காவது கூட்ட மறந்திருக்கியா?"

"நாலு வருஷத்துல ஒருநாள்கூட இல்ல."

"வேணும்னே மறந்திருப்பா," என்றார் சௌகத் அலி. "வெளியாள் செஞ்ச மாதிரி காட்டணும்ல."

நஜ்முன்னிசா தலையாட்டினாள். இரண்டு பக்கமும் பொருந்துகிற சாட்சி சாட்சியே இல்லை என்று அவள் அடிக்கடி சொல்வது பழனிக்கு நினைவு வந்தது.

"பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும் பாய்?"

"எங்க ஆளுங்களுக்கு மட்டும்."

வினோலியா எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் தாள் கட்டைத் தூக்கிக் காட்டினாள். அடியில் அட்டையில், பால்பாயிண்டில், கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு.

"எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான் அக்கா. சர்வருக்கும் இதுதான், வைஃபைக்கும் இதுதான். மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு."

"பூட்டுக்குப் பேர் போன ஊருங்க," என்றான் பழனி. "சாவியைக் காலண்டர்ல மாட்டி வச்சிருக்கீங்க."

சௌகத் அலியின் முகம் கறுத்தது. "அதுக்குத்தானே தம்பி திட்டம் போட்டோம்! அதோ பாருங்க."

காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருந்தது. கையால் செய்கிற இந்த வேலையை எல்லாம் ஒழித்துவிட்டு, பிரவுசரைத் திறந்து அங்கேயே எல்லாப் பெயர்களையும் மேய்க்கிற ஒரு டூல். அதன் திரைகளைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார்கள். யார் எதை எப்போது மாற்றினார் என்று ஒரு கட்டம் காட்டும். ஒருவர் செய்த மாற்றத்தை இரண்டாவது ஆள் ஒப்புக்கொண்டால்தான் அது நடக்கும். தொடர் எண் தானாகக் கூடும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டு, வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு வரைந்தது.

"நானும் அந்தக் கூட்டத்துல ஒக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் இங்க வர்றேன்," என்றான் முகேஷ்குமார் பெருமையாக. "பொம்பளைப் பிள்ளை இதுதான் சுவத்துப் பக்கம் நின்னு எழுதிச்சு. யாரு என்ன சொன்னாங்கன்னு தெரியறதுக்கு ஆளுக்கொரு கலர். அது நீலம். டிசைன் பண்ற ஞானதாஸ் செகப்பு. தோல் யாவாரி அப்துல் ஹக்கீம் பச்சை. நான் கனகாம்பரக் கலர் கேட்டு வாங்கினேன். பூக்காரன்ல! அந்தப் பேனாவைக் கூட்டம் முடியிற வரைக்கும் என் பையிலதான் வச்சிருந்தேன். நான் பேசும்போது எடுத்துக் கொடுப்பேன், எழுதினதும் வாங்கிக்குவேன். நம்ம கலர்ல வேற எவன் பேச்சும் வரக்கூடாதுல்ல."

"காலண்டரையும் அன்னைக்குத் தூக்கிக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க, காட்டினாங்க. இதுதான் எங்க பாதுகாப்புன்னு ஞானதாஸ் சொல்லவும் எல்லாரும் சிரிச்சோம். அப்ப யாரு எழுதி வச்சுக்கிட்டா? செல்ஃபோனை எல்லாம் கூடையில வாங்கி வச்சுட்டாரே பாய்."

'டிங்.' மறுபடியும் எடுத்துப் பார்த்தான்.

பழனி சார்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றான். பொழுதுபோகாமல்தான். பெயர், நம்பர் என்று இரண்டு தலைப்புகள். அவற்றின் கீழே மாதிரிக்கு நாலைந்து வரிகள் எழுதியிருந்தன. மூன்றாவது வரியில் அவன் கண் நின்றது. 103-இல் தொடங்கி 77-இல் முடிகிற நம்பர். எங்கேயோ பார்த்த நம்பர். திரும்பி மேஜைக்கு வந்து, பேப்பர் வெயிட்டை நகர்த்திப் புகார்த் தாளைப் பார்த்தான்.

"அக்கா. போலி வெப்சைட்டோட நம்பருங்க. மூணு வாரத்துக்கு முந்தியே சுவத்துல எழுதியிருக்குது."

சௌகத் அலி எழுந்து வந்து, தாளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வினோலியாவைப் பார்த்தார்.

"இது யார் கையெழுத்து?"

வினோலியாவின் முகம் வெளுத்துப்போனது. "என்னுது சார்."

"அப்புறம் என்ன!" முகேஷ்குமார் தொடையில் தட்டினான்.

"எழுதினது நான். சொன்னது நான் இல்ல. மாதிரிக்கு ஒரு பேர், ஒரு நம்பர் சொல்லுங்கன்னு கேட்டேன். ஆளாளுக்குச் சொன்னாங்க. நான் சுவத்தைப் பார்த்து எழுதிட்டிருந்தேன்…"

"எந்த வரி யாரு சொன்னதுன்னு தெரியுமா?"

"மூணு வாரம் ஆச்சு சார்."

"உனக்காக நாலு மணி வரைக்கும் கேட்டு வாங்கின அக்காவோட ஆளே உன்னை மாட்டி விட்டுட்டாரு, பார்த்தியா?" என்றார் சௌகத் அலி. அதில் வருத்தமும் இருந்தது. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பழனிக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. நஜ்முன்னிசா சார்ட்டின் ஒரு மூலையைக் கிள்ளித் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி ஒட்டினாள்.

"ஞானதாஸ் எங்க?"

"சனிக்கிழமையிலேருந்து லீவு. ஃபோன் ஸ்விட்ச் ஆஃப்."

"நாலு மணிக்குள்ள வாரேன் பாய். அதுவரைக்கும் யாரும் வெளிய போக வேணாம். பூக்காரரே, உங்களைத்தான் முக்கியமாச் சொல்றேன். நீங்க இல்லாம கம்ப்ளெயின்ட் நிக்காது."

"நான் எங்க போறேன்," என்றான் முகேஷ்குமார். "இந்தக் கூத்தைப் பார்க்காமப் போவேனா?"

*

ஸ்கூட்டர் பேகம்பூர்ச் சந்துகளில் நெளிந்தது. பழனி ஓட்டினான். பின்னால் நஜ்முன்னிசா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டு ஐம்பது.

"அவசரப்பட்டுட்டேனுங்க்கா."

"நல்ல வேளை பட்ட. இல்லைன்னா அந்த நம்பரை நான் பார்த்திருக்க மாட்டேன். ஏலே, பூக்காரர் எத்தனை கலர் சொன்னாரு?"

"நாலுங்க."

"சுவத்துல எத்தனை கலர் இருந்துச்சு?"

பழனி பிரேக் போட்டான். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் அவன் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனான்.

"கறுப்பு வெள்ளை! அது ஜெராக்ஸுங்க!"

"நாலு துண்டா எடுத்து ஒட்டினது. பின்னாடி கடை முத்திரை இருக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. மூணு வாரமா அதுக்குக் கீழதான் உக்காந்து வேலை பார்க்கிறாங்க, ஒருத்தருக்கும் கண்ணுல படல. வண்டியை எடு."

"அசலை யாருங்க எடுத்தது?"

"அது அப்புறம். இதைச் சொல்லு. செஞ்சவன் தொடர் எண்ணைக் கூட்டல. ஏன்?"

"மறந்திருப்பான்."

"பாஸ்வேர்டு தெரிஞ்சு, எந்த வரியை மாத்தணும்னு தெரிஞ்சு, எந்த நேரத்துல ஆபீஸ் காலியா இருக்கும்னு தெரிஞ்சவன் அது ஒண்ணை மறப்பானா? மறக்கல. அது தானாக் கூடும்னு நம்பியிருக்கான். எங்க தானாக் கூடுது?"

பழனி யோசித்தான். "சுவத்துல மட்டுந்தானுங்க. சார்ட்டுல."

"அப்ப அவனுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தது சுவர்தான். தினம் கையால செய்யிறவளுக்கு இந்தத் தப்பு வராது. திட்டத்தை மட்டும் பார்த்தவனுக்குத்தான் வரும்."

"டிசைன் பண்றவன் திட்டத்தை மட்டுந்தான் பார்ப்பான். சர்வரைத் தொட மாட்டான்." பழனி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். "ஞானதாசுங்க! லீவு, ஸ்விட்ச் ஆஃப், அசலையும் காணோம். இதுக்கு மேல ஒருத்தன் நெத்தியில எழுதி ஒட்டிக்கணுமா?"

நஜ்முன்னிசா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாததற்கு ஆமாம் என்றும் அர்த்தம் உண்டு, முட்டாள் என்றும் அர்த்தம் உண்டு. பழனிக்கு இன்னும் பிடிபடாத விஷயம் அது.

*

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஞானதாஸை நன்றாகவே தெரிந்திருந்தது.

"குட்டைத் தாடி, கண்ணாடி? இப்பத்தானே போனாரு. பயோடேட்டா பத்துக் காப்பி. கோயமுத்தூர் பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாரு. மூணு பத்துன்னேன்."

மணி மூன்று ஒன்பது.

பழனி ரோட்டைக் குறுக்கே தாண்டினான். பஸ் ஸ்டாண்டுக்குள் உடுமலை வழியாகக் கோயம்புத்தூர் போகும் பஸ் உறுமிக்கொண்டே கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. அவன் ஓடிப்போய் அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான். டிரைவர் ஹாரன் மேலேயே படுத்துவிட்டார்.

"சாகறதுக்கு ஒனக்கு வேற வண்டி கெடைக்கலையா?"

"எங்க ஊர்ப் பக்கம் போற பஸ்ஸுங்கண்ணா. பிரியம் விடுமா?"

அதற்குள் நஜ்முன்னிசா பின்படியில் ஏறியிருந்தாள். ஏழாவது வரிசை ஜன்னலோரம் குட்டைத் தாடி. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நாலடி நீள பிவிசி பைப்பு.

"மோட்டார் ரூமுக்கா தம்பி?" என்று கேட்டபடி பழனியும் ஏறி அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழியை அடைத்தான்.

ஞானதாஸ் இரண்டு பேரையும் பார்த்தான். ஓடப் பார்க்கவில்லை. வெட்கப்பட்டான். பழனிக்கு அது பிடிக்கவில்லை. குற்றவாளிகள் வெட்கப்படக் கூடாது.

"சௌகத் சார் அனுப்பினாரா? ஒரு சார்ட்டுக்காகவா மேடம்? நாளைக்குக் கோயமுத்தூர்ல இன்டர்வியூ. கையில ஏதாவது காட்டணும்ல? அந்த டூல் என்னோட யோசனை. ரெண்டு வருஷமாக் கேட்டுட்டிருந்தேன். கூட்டம் போட்டாரு, எல்லாருக்கும் பிரியாணி போட்டாரு, அதோட சரி. அவரு கட்ட மாட்டாரு மேடம். ஜெராக்ஸ் ஒட்டிட்டு எடுத்துட்டு வந்தேன். மூணு வாரமா ஒருத்தர்கூடக் கேட்கல. அம்புட்டுதான் அதுக்கு மரியாதை."

"வினோலியாவைப் போலீஸ்ல கொடுக்கப் போறாங்க. தெரியுமா?"

அவன் வாய் திறந்தபடி நின்றது. ஃபோனைச் சனிக்கிழமையே அணைத்தவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அந்த வாயே சொன்னது. நஜ்முன்னிசா இரண்டு வரியில் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"கூட்டத்துல தொடர் எண்ணைப் பத்தி என்ன சொன்ன?"

"தானாக் கூடும்னு சொன்னேன்."

"கூடப்போகுதுன்னா, இப்பவே கூடுதுன்னா?"

ஞானதாஸ் தாடியைச் சொறிந்தான். "ஏற்கெனவே ஓடுற மாதிரியேதான் பேசினேன். வந்தவங்களுக்கு நம்பிக்கை வரணும்ல. அப்படித்தான் மேடம் டெமோ கொடுக்கிறது."

"பைப்பைத் திற."

கண்டக்டர் விசில் ஊதினார். பயணிகள் கூச்சல் போட்டார்கள். ஒரு அம்மா, பஸ்ஸுக்குள் சீமந்தமா நடத்துகிறீர்கள் என்று கேட்டார். பழனி சார்ட்டை சீட்டின் முதுகில் விரித்துப் பிடித்தான். நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. மூன்றாவது வரிக்கு நஜ்முன்னிசாவின் விரல் போனது. 103-இல் தொடங்கி 77-இல் முடிகிற நம்பர்.

ஞானதாஸின் சிவப்பு இல்லை. வினோலியாவின் நீலமும் இல்லை.

நல்ல கனகாம்பர நிறம்.

முகேஷ்குமார். பறிகொடுத்தவன் என்று சொல்லி வந்து உட்கார்ந்திருப்பவன். மூட்டை மூட்டையாகப் பூ கிடக்கிறது என்று புலம்பியவன். சங்கத்தின் ஆர்டரை அதன் மேனேஜரே திருப்பி எவனோ வியாபாரிக்கு விட்டுவிட்டு, பழி போட ஒரு பெண்ணையும் தேர்ந்து வைத்திருக்கிறான்.

"அவன்கூடத்தானுங்க அந்தப் பொண்ணை உட்கார வச்சுட்டு வந்திருக்கோம்," என்றான்.

*

ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேரும் நாலடி பைப்பும். மணிக்கூண்டுப் பக்கம் லாரி ஒன்று குறுக்கே நின்று ஒன்பது நிமிடம் தின்றது. அவர்கள் மாடிப்படி ஏறியபோது மணி மூன்று ஐம்பத்தாறு. இன்ஸ்பெக்டர் நாலு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டிருந்தார். சௌகத் அலியின் பேனா புகார்த் தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது. வினோலியா எழுந்து நின்றிருந்தாள், கைப்பை தோளில்.

"பாய், பேனாவை எடுங்க," என்றாள் நஜ்முன்னிசா.

சார்ட்டை மேஜை மேல் உருட்டி விரித்தாள். ஒரு முனையில் பேப்பர் வெயிட்டை வைத்தாள். ஒன்றும் விளக்கவில்லை. மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

முதலில் புரிந்தது வினோலியாவுக்கு. அவள் மெல்ல முகேஷ்குமாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது என் கலர்தான்," என்றான் முகேஷ்குமார். குரல் கெட்டியாக இருந்தது. "அதுக்கென்ன? எழுதினது அவ. எந்தப் பேனாவை வேணா எடுத்து எழுதியிருப்பா."

"அந்தப் பேனா உங்க சட்டைப் பையில இருந்துச்சு. நீங்க பேசினதை மட்டும்தான் அது எழுதும். ரெண்டே காலுக்கு நீங்களே சொன்னீங்க."

"ஏதோ வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லியிருப்பேன்."

"வாய்க்கு வந்த நம்பரு, மூணு வாரம் கழிச்சுப் போலி வெப்சைட்டோட நம்பரா அமைஞ்சிருச்சு. அந்த மெஷினை வாடகைக்குப் பிடிச்ச புதுசு. மனசுல அதுவே ஓடிக்கிட்டு இருந்திருக்கும். கேட்டதும் வந்துருச்சு."

"இந்தாம்மா!" அவன் எழுந்தான். "மவுஸ் பிடிக்கத் தெரியாதவன் நான். எனக்கு இவங்க பாஸ்வேர்டு என்ன தெரியும்? காலண்டரை ஒரு செகண்டு காட்டினதை நான் மனப்பாடம் பண்ணிட்டனாக்கும்? நிரூபிங்க பார்ப்போம்!"

இன்ஸ்பெக்டர் நஜ்முன்னிசாவைப் பார்த்தார். அவள் சொன்னது எல்லாம் ஒரு சாயத்தை நம்பி. கோர்ட்டில் கனகாம்பரம் சாட்சி சொல்லாது.

"சார், உங்க ஃபோன்ல சிக்னல் இருக்கா?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள் அவள்.

அவர் எடுத்துப் பார்த்தார். "இல்லையே."

"ஏலே பழனி, உனக்கு?"

"வந்ததுலேருந்து இல்லீங்க்கா."

"பாய், வெளியாள் யாருக்காவது வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருக்கீங்களா?"

"என் மச்சானுக்கே…" என்று ஆரம்பித்தார் சௌகத் அலி.

அப்போது முகேஷ்குமாரின் சட்டைப் பையில் அது அடித்தது.

'டிங்.'

முகேஷ்குமாரின் கை பையை நோக்கிப் பாதி போய் நின்றுவிட்டது.

"மதியத்துலேருந்து வாட்ஸ்அப் வந்துக்கிட்டே இருக்கு," என்றாள் நஜ்முன்னிசா. "ரெண்டடிச் சுவத்தைத் தாண்டி. கூட்டத்தன்னைக்கு எல்லார் ஃபோனும் கூடையில. அதுக்கப்புறம் நீங்க இங்க வந்ததே இல்ல, இன்னைக்குத்தான் வர்றீங்க. அப்புறம் உங்க ஃபோன் இந்த வைஃபையை எப்பப் பழகிச்சு? வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல, கீழ படிக்கட்டுல நின்னப்பவா? ஒருதடவை பாஸ்வேர்டு போட்டா ஃபோன் மறக்காதாமே. பக்கத்துல வந்தாத் தானா ஒட்டிக்குமாம். வினோலியா, வைஃபைக்கு என்னம்மா பாஸ்வேர்டு?"

"சர்வருக்கு உள்ளதேதான் அக்கா." வினோலியா சுவரைக் காட்டினாள். "காலண்டர் அட்டையில இருக்கிறது."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். முகேஷ்குமார் ஃபோனைக் கொடுக்கவில்லை. அவன் பார்வை இன்ஸ்பெக்டரைத் தாண்டி, வாசலில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஞானதாஸ் மேல் விழுந்தது. மூன்று நாளாக அவனை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அப்போது வெளியே வந்துவிட்டது.

"தானாக் கூடும்னுதானேடா சொன்ன! பாதிப் பேரு ஏன் பழைய எடத்துக்கே போனான்?"

"கட்டி முடிச்சப்புறம் கூடும் சார்," என்றான் ஞானதாஸ் பாவமாக. "இன்னும் கட்டவே ஆரம்பிக்கல."

"மவுஸ் பிடிக்கத் தெரியாதவருக்கு எவ்வளவு கவலை பாருங்க," என்றான் பழனி.

*

முகேஷ்குமாரை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகு சௌகத் அலி அந்தப் புகார்த் தாளை நான்காகக் கிழித்தார். எட்டாகக் கிழித்தார். கிழிக்க முடியாத அளவுக்குச் சிறிதானதும் வேறு வழியில்லாமல் வினோலியாவைப் பார்த்தார்.

"மனசுல வச்சுக்காதம்மா. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைச்சிருப்பாங்க. போய் உன் சீட்டுல உக்காரு."

வினோலியா டிராயரைத் திறந்து தன் செல்ஃபோனை எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். பூச் சங்கத்தின் பழைய நம்பரைத் திரும்ப எழுதினாள். தொடர் எண்ணில் ஒன்று கூட்டினாள். பிறகு வேறு எதையோ நீளமாக அடித்தாள். எழுந்து போய்க் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, அட்டையைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"பாஸ்வேர்டை மாத்திட்டேன் சார். வைஃபைக்கு ஒண்ணு, சர்வருக்கு ஒண்ணு."

"நல்லது. என்ன போட்டிருக்க?"

அவள் மேஜையில் விரிந்து கிடந்த அசல் சார்ட்டின் மேல் குனிந்தாள். நீலப் பேனாவை எடுத்தாள். 'எந்த மாற்றத்துக்கும் இரண்டாவது ஆள் ஒப்புதல்' என்ற கட்டத்தின் கீழே இரண்டு சொற்களைச் சேர்த்தாள். பழனி எட்டிப் பார்த்தான். 'முதலாளி உட்பட.'

"ஞானதாஸ் இன்டர்வியூவுக்குப் போகட்டும், போகாம இருக்கட்டும். இதைக் கட்டி முடிக்க எனக்கு ஆறு மாசம் வேணும். கட்டலாம்னு சொன்னா நாளைக்கு வாரேன். இல்லைன்னா இன்னையோட போறேன்."

சௌகத் அலி சார்ட்டைப் பார்த்தார். வெறும் சுவரைப் பார்த்தார்.

"கட்டுவோம். ஆனா அதுவரைக்கும் அந்தப் பாஸ்வேர்டு… எனக்குக்கூடச் சொல்ல மாட்டியா?"

வினோலியா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மணி நாலே காலுக்கு என்னைப் போலீஸ் ஜீப்புல ஏத்தியிருப்பீங்க சார். இப்ப மணி நாலரை. செத்த நேரம் போகட்டும்."

படியிறங்கிப் போனாள். நஜ்முன்னிசா பின்னால் இறங்கினாள். பழனி தன் ஃபோனைக் கடைசியாக ஒருமுறை தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தான். ஒரு கோடும் இல்லை.